இரண்டு கால்வாய்களுக்கு நடுவில் ஒரு வருடம்

நவம்பர் கடைசியில் ஒரு பின்னேரம், டொரோண்டோவிலிருந்து வந்த ஓர்டர் ஒன்றுக்காக அலுமாரியைத் திறந்து நல்ல தாள் ஒன்றை எடுத்தேன். காலமாகிவிட்ட தகப்பனாரின் படம் வேண்டுமாம். மகள் அனுப்பியிருந்தது அடையாள அட்டைப் படத்தைப் போனில் எடுத்த ஒரு படம் மட்டும்தான். இரண்டு நாள் இருந்து பென்சிலில் கீறி முடித்து, முகத்தில் முதல் பூச்சைத் தொடங்கினேன். யெல்லோ ஓக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு, நெற்றியிலிருந்து கீழே இழுத்தேன். தூரிகை மூக்குக்கு வருமுன் நெற்றியின் நடுவில் கடுகளவு ஒரு கறுத்த புள்ளி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தூசி என்று நினைத்துத் துணியால் ஒற்றினேன். ஒற்றிய இடத்தில் புள்ளி இன்னும் பெரிதாகி, மை ஒற்றும் தாளில் மை ஊறுவதுபோல் ஊறிப் பரவியது. கொஞ்ச நேரத்தில் அந்த ஐயாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்புபோல் ஆகிவிட்டது.

வோட்டர் கலரில் வேலை செய்கிறவர்களுக்கு இது என்னவென்று தெரியும். நல்ல பருத்தித் தாளுக்கு ஆலையிலேயே ஜெலட்டின் பசை ஊட்டியிருப்பார்கள். அந்தப் பசை இருப்பதால்தான் வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் மேலே நின்று, நாம் சொன்னபடி கேட்கிறது. கொழும்பின் புழுக்கத்தில் தாளை வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் பசை அங்கங்கே செத்துப்போகும். வெறும் கண்ணுக்குத் தாள் வெள்ளையாகத்தான் தெரியும். தண்ணீர் பட்டவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றிரவு மிச்சத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் தண்ணீர்வண்ணம் தடவிப் பார்த்தேன். இருந்த பதினெட்டில் பதினொன்று பழுது.

இவ்வளவு தாளை ஏன் சேர்த்து வைத்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. மே மாதத்தில் 360ஐத் தொட்டுவிட்டது. மார்ச் முடியும்போது ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாமல் இருந்தோம். காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்டில் வெளிநாட்டுத் தாளை யார் இறக்குவார்கள்? கடையில் கேட்டால் சிரித்தார்கள். அப்போது கையிலிருந்த தாள்களைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதையும் அதே இடத்தில் அடுக்கினேன். ஒருநாள் பெரிதாக ஒன்று செய்வேன், அதற்கு இது தேவைப்படும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு மற்ற எல்லா வேலைகளையும் மலிவுத் தாளில் செய்துகொண்டே போனேன்.

இந்தக் கதையை எனக்குச் சித்திரம் படிப்பித்த சேரிடம் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், கை நடுங்குகிறது. ஆனாலும் கண் அப்படியே இருக்கிறது. பழுதான தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நல்ல பட்டுச்சீலை எண்டு மடிச்சு வச்சால் அது மடிப்பிலதான் கிழியும். உம்மட அம்மாவைக் கேட்டுப் பாரும்." பிறகு, "இந்த வருஷம் என்ன செய்தனீர்? கொண்டு வந்து காட்டும்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. செய்ததற்குக் குறைவில்லை. ஒன்பது புத்தக அட்டைகள், இருபதுக்கு மேல் முகப்படங்கள், மூன்று கலியாண அழைப்பிதழ்கள். ஒரு சாப்பாட்டுக் கடையின் சுவர் முழுக்க மயிலும் தேரும் வரைந்தேன். எட்டு மாதத்தில் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு. டெப்லெட்டில் கொஞ்சம், அக்ரிலிக்கில் கொஞ்சம். ஒவ்வொன்றும் கேட்டவருக்குப் பிடித்த மாதிரி வந்தது, பணமும் வந்தது. வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிய வேலைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவர்கள் பஸ் நிலையத்தில் நிற்பதுபோல் இருந்தது.

வருடத் தொடக்கத்திலேயே இதை ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993இல் தொடங்கிய கலா பொல என்கிற ஓவியத் தெருச்சந்தையில் எனக்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், நாங்கள் இன்னும் கிரீன் பாத் என்று சொல்கிற அந்த மரநிழல் வீதியில், நடைபாதையோரம் படங்களைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொழும்பிலே பிறந்து, இந்தத் தீவின் கைவினைகளைப் பற்றி உலகத்துக்கே எழுதிக் காட்டிய ஒரு தமிழரின் பெயர் கொண்ட வீதியில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. வயதான ஒரு சிங்கள அம்மா நின்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு அன்பாகத்தான் கேட்டார்: "உங்களில் எத்தனை பேர் சேர்ந்து செய்தது?"

டிசம்பர் முதல் வாரத்தில் பார்ன்ஸ் பிளேசுக்குப் போனேன். ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு அங்கே சபுமல் அறக்கட்டளையின் காட்சியிடமாக இருக்கிறது. 1943இல் அவரும் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல போன்றவர்களும் சேர்ந்து தொடங்கிய 43 குழு என்ற கலைஞர் குழுவின் படங்கள் அந்த வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. ஒரு குழு என்றாலும் ஒருவர் கை இன்னொருவர் கைபோல் இல்லை. பெயர்ச் சீட்டைப் பார்க்காமலே இது இன்னாருடையது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே குழுவில் இருந்த ஐவன் பீரிஸைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். 1921இல் தெஹிவளையில் பிறந்தவர். பாதி வாழ்நாளுக்கு மேல் இங்கிலாந்தில் இருந்தார், 1988இல் அங்கேயே காலமானார். அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில் இருந்துகொண்டு திரும்பத் திரும்ப வரைந்தது இந்தக் கரையைத்தான். கடல், தென்னை, தனியாக நிற்கிற ஒரு ஆள். ஞாபகத்திலிருந்து அவர் எடுத்த கரை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. அந்தக் கரையில் தினமும் நடக்கிறேன். ஒருநாள்கூட இருந்து கீறியதில்லை. அதை நினைத்ததும் எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

சரி, வரப்போகும் வருடத்துக்கு ஒரு எல்லை போட்டுக்கொண்டேன். வெள்ளவத்தைக்கு வடக்கே ஒரு கால்வாய், தெற்கே தெஹிவளைப் பக்கம் ஒரு கால்வாய். இரண்டும் கடலில் விழுகின்றன. மேற்கே ரயில் தண்டவாளமும் கடலும். கிழக்கே, பழைய நெசவு ஆலை இருந்த காணியில் இப்போது எழும்பி நிற்கிற ஹவ்லொக் சிட்டி மாடிகள். இந்தச் சதுரத்துக்குள் நான் இருபது வருடமாக இருக்கிறேன். மீன் வாங்குகிறேன், சீலைக்கு ஓரம் அடிக்கக் கொடுக்கிறேன், மிளகாய்த்தூள் அரைக்கிறேன். என் சொந்தப் படங்கள் ஒரு வருடத்துக்கு இதைவிட்டு வெளியே போகாது.

காலத்தையும் மழையைக் கேட்டுத்தான் பிரித்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொழும்பில் காய்ந்த காலம், கடலும் அமைதி. காலை ஆறரைக்குப் போனால் ஒன்பது மணிக்குள் ஒரு படம் முடிக்கலாம், பூச்சு தானாகக் காயும். மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளித்துத் தண்டவாளம் வரை தூறும். அப்போது தாள் காயாது. ஒரு பூச்சுக்கு அரை மணி காத்திருந்து, பொறுமை போய், ஈரத்திலேயே அடுத்ததை வைத்துச் சேறாக்கிய அனுபவம் நிறைய இருக்கிறது. ஆகவே அந்த மாதங்களில் வெளியே போகாமல் கடைகளுக்குள் இருந்து மையும் பேனாவும். தையல்காரரின் மெஷின், மில்லில் அம்மாமார் வாளிகளோடு காத்திருக்கிற வாங்கு, நகைக்கடை வாசலில் நிற்கிற காவலாளியின் செருப்பு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை நிச்சயம். அப்போது வீட்டுக்குள் இருந்து, வருடம் முழுக்கச் சேர்ந்ததிலிருந்து நாலைந்து பெரிய படங்கள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வண்ணத்தையும் குறைத்துவிட்டேன். பெட்டியில் இருபத்திநாலு இருந்தது, ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அல்ட்ராமரைன் நீலமும் பேர்ன்ட் சியன்னாவும் கூட்டினால் எத்தனை விதமான சாம்பல் வருகிறதென்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நீலம் கூடினால் மழைக்கு முந்திய கடல், மண்ணிறம் கூடினால் கால்வாய்த் தண்ணீர். வருடம் முழுக்க அதே ஐந்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஜனவரிப் படமும் நவம்பர்ப் படமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஓர்டர்களை விட முடியாது. ஆனால் முகப்படம் மாதம் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு. இதைச் சொல்லும்போது என் கணவர் கணக்குக் கொப்பியைத் திறந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரு இரவு இருந்து கூட்டிக் கழித்தோம். சனிக்கிழமை வகுப்பை இரண்டாக்கினால் சமாளிக்கலாம். புத்தக அட்டைகளை விடவே மாட்டேன். தமிழில் ஒரு கவிதைத் தொகுதி நானூறு, ஐந்நூறு பிரதி அச்சாகிறபோது அதன் அட்டை எத்தனை பேர் கைக்குப் போகிறது! அந்த வேலையும் இனி இதே ஐந்து வண்ணத்தில், இதே கையால்.

டொரோண்டோ மகளுக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அவசரமில்லை அக்கா, ஆறுதலாச் செய்யுங்கோ" என்றார். அப்புறம் வேறு ஒரு படமும் அனுப்பினார், பழைய அல்பத்திலிருந்து. தகப்பனார் சாரத்தோடு ஒரு தண்டவாளத்தின் ஓரம் நிற்கிறார், பின்னால் கடல். கேட்டுப் பார்த்தேன், வெள்ளவத்தைதான். 80களில் இங்கே ஒரு லேனில் வாடகைக்கு இருந்தார்களாம். முகம் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த நிலை அடையாள அட்டையில் எங்கே கிடைக்கும்?

பழுதான பதினொரு தாளில் கரிக்கட்டியால் நன்றாகக் கீறலாம், பசை செத்தது கரிக்குத் தெரியாது. அவற்றை வகுப்பு மேசையில் வைத்துவிட்டேன். நல்லதாக மிஞ்சிய ஏழு தாளையும் முந்தாநாள் எடுத்தேன். ஒரு தாள் 56க்கு 76 சென்ரிமீற்றர். முதல் தாளில் அடிமட்டத்தை வைத்துக் கத்தியை இழுக்கும்போது கொஞ்சம் கை தயங்கியதுதான். இழுத்துவிட்டேன். எட்டுத் துண்டு.

நேற்றுக் காலை முதல் துண்டை எடுத்துக்கொண்டு தெஹிவளைக் கால்வாய் கடலோடு சேருகிற இடத்துக்குப் போனேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்துக் கல்லில் இடம் விட்டார். தண்ணீரும் மணலும் கலக்கிற கோடு மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. ஈரம் காயுமுன்பே பாணந்துறை ரயில் போய்த் துளி தெறித்துவிட்டது. தாளின் மேல் வலது பக்கம் உப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் வண்ணம் விலகி வெள்ளைப் பூப்போல நிற்கிறது. அதை நான் திருத்தவில்லை. நாளைக்கும் அதே கல்லுக்குத்தான் போகிறேன், இரண்டாம் துண்டோடு.