ஞாயிறு இரவு எட்டேகால் மணி

ஜெர்மனிக்குக் குடிவந்து முகவரியைப் பதிவு செய்தவர்களுக்கு முதலில் வந்து சேரும் கடிதங்களில் ஒன்று, பொது ஒளிபரப்புக்கான கட்டணத்தைக் கேட்டு வருவதாக இருக்கும். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக டோர்ட்முண்டுக்கு வந்த நான், கொடுக்கிற காசுக்கு எதையாவது பார்த்தே தீருவது என்ற கொங்குநாட்டுக் கணக்கோடுதான் ஜெர்மன் தொலைக்காட்சிக்குள் நுழைந்தேன். அதற்கு முன்பு இந்த நாட்டுத் தொடர்களில் எனக்குத் தெரிந்தது ‘டார்க்’ ஒன்றுதான். அதைச் சென்னையில் இருந்தபோதே, யார் யாருக்கு மகன், யார் யாருக்குத் தாத்தா என்று தாளில் வரைந்து வைத்துக்கொண்டு பார்த்து முடித்திருந்தேன். மூளைக்கு நல்ல வேலை கொடுத்த தொடர் அது. ஆனால் அதில் வரும் ஊர் கற்பனை ஊர் என்பதால், இங்கே வந்து இறங்கியபோது எனக்கு அது எந்த வகையிலும் கைகொடுக்கவில்லை.

கைகொடுத்தது ‘டாட்டோர்ட்’. 1970 நவம்பரில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் குற்றப்புலனாய்வு வரிசையைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பதினைந்து நிமிடச் செய்தி. எட்டேகாலுக்கு ஒரு கொலை. தொண்ணூறு நிமிடத்தில், இடையே ஒரு விளம்பரம்கூட இல்லாமல், கதை முடிந்துவிடும். ஒவ்வொரு மாநில ஒளிபரப்பு நிலையமும் தன் பகுதி நகரங்களுக்கென்று தனித்தனியே புலனாய்வாளர்களை வைத்திருப்பதால், ஒரு வாரம் கொலை கொலோனில் நடக்கும், அடுத்த வாரம் மியூனிக்கில், அதற்கடுத்த வாரம் வியன்னாவிலோ சூரிச்சிலோகூட நடக்கும். கிழக்கு ஜெர்மனியில் 1971இல் தொடங்கப்பட்ட ‘போலித்சாய்ரூஃப் 110’ என்ற போட்டி வரிசை, அந்த நாடே இல்லாமல் போன பிறகும் உயிர் பிழைத்து, இதே ஞாயிறு நேரத்தில் முறை வைத்துக்கொண்டு வருகிறது. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்க வேண்டுமென்றால், வானிலைக்கு அடுத்தபடியாக எனக்குக் கிடைத்த பொருள் நேற்றைய கொலையாளிதான்.

இவற்றை உயர்ந்த கலை என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேற்பட்டவை சுமார். சிலவற்றில் புலனாய்வாளர்கள் காரில் போய்க்கொண்டே, அகதிகள் பிரச்சினையையோ முதியோர் பராமரிப்பையோ பற்றித் தலையங்கம் வாசிப்பதைப் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கொலோன் கதைகளில், 1997 முதல் ஒரே இணையாக வரும் புலனாய்வாளர்கள் பல்லாவ்ஃபும் ஷெங்க்கும் ரைன் நதிக்கரையில் பேராலயத்துக்கு எதிரே ஒரு கடையில் நின்று கறி வூர்ஸ்ட் என்கிற மசாலாத் தொத்திறைச்சியைத் தின்னாமல் விட்டால் ரசிகர்களுக்குப் பொறுக்காது. ஆனால் எந்தக் கதையிலும் ஊர் பொய்யாக இருப்பதில்லை. டிராமின் எண், குடியிருப்புகளின் மாடிப்படி, கிழவர்களின் பேச்சுவழக்கு எல்லாம் அந்தந்த நகரத்துக்குரியவை. ஒரு தெருவில் திரும்பிய கார் அடுத்த காட்சியில் சம்பந்தமில்லாத தெருவில் வந்து நின்றுவிட்டால், மறுநாள் முறையிடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

டோர்ட்முண்டுக்கும் ஒரு புலனாய்வாளர் உண்டு. 2012இலிருந்து யோர்க் ஹார்ட்மன் நடிக்கும் ஃபாபர், மனைவியையும் மகளையும் இழந்து, கசங்கிய பார்கா மேலங்கியோடு திரிகிற, யாரிடமும் சுமுகமாகப் பேசத் தெரியாத மனிதர். அவருடைய சக அதிகாரியான போனிஷ் 2022இல் சுட்டுக்கொல்லப்பட்ட கதையை நான் இங்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அந்த இருவருக்குமிடையே பல ஆண்டுகள் வளர்ந்த சொல்லப்படாத அன்பை, ஒரு பாட்டும் இல்லாமல், ஒரு பின்கதைக் காட்சியும் இல்லாமல் முடித்துவிட்டார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நம் படங்களில் இந்த மரணத்துக்குக் குறைந்தது பத்து நிமிடம் அழ நேரம் கொடுத்திருப்பார்கள். கொடுப்பதில் தவறும் இல்லை என்பது என் கட்சி. இந்த நாட்டுப் படங்களின் அடக்கத்தைப் புகழ்வது புலம்பெயர்ந்த ரசிகர்களிடையே ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. எனக்கு அந்த அடக்கம் பல இடங்களில் வெறும் கூச்சமாகத்தான் படுகிறது.

இதே டோர்ட்முண்ட் வரிசையில், 2019 ஜனவரியில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தையும் வேலையிழந்த தொழிலாளர்களையும் சுற்றி ஒரு கதை வந்தபோது, எங்கள் ஊர்க்காரர்களைப் பீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களாகக் காட்டுகிறார்கள் என்று அப்போதைய நகர மேயர் ஒளிபரப்பு நிலையத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். மேயரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஹோர்டே பகுதியில் உருக்காலை இருந்த இடத்தில் இன்று செயற்கை ஏரி இருக்கிறது, சுற்றிலும் விலை உயர்ந்த வீடுகள் இருக்கின்றன. அதைக் காட்டாமல் ஏன் புகைபிடித்த சுவரையே காட்டுகிறீர்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த இடங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுவதைப் பார்த்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரனான எனக்கு, அந்தக் கதைதான் இந்த ஊரை முதன்முறையாகத் தெரிந்த ஊராக்கியது. அதற்குப் பிறகுதான் வடக்குப் பகுதித் தெருக்களில் வேலையில்லாமலேயே நடக்கத் தொடங்கினேன்.

பழைய ரசிகர்களோ ஃபாபரை ஏற்பதில்லை. அவர்களுக்கு 1981 முதல் 1991 வரை கோட்ஸ் கியோர்கே நடித்த டூயிஸ்பூர்க் ஷிமான்ஸ்கி போதும். கெட்ட வார்த்தை பேசி, அடிதடியில் இறங்கி, தான் அணிந்த மேலங்கியை நாடே வாங்கும்படி செய்த அந்தப் பாத்திரத்தின் பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். பாதி ரஜினி, பாதி கோவை சரக்கு லாரி ஓட்டுநர். ஷிமான்ஸ்கி என்பது போலந்து வழிவந்த பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்க வேலைக்காக, டோர்ட்முண்டும் டூயிஸ்பூர்க்கும் அடங்கிய இந்த ரூர் தொழிற்பகுதிக்கு வந்தவர்களின் சந்ததி இங்கே ஏராளம். வந்தேறிக் குடும்பத்துப் பெயரோடு ஒருவர் தொழிலாளர் நகரத்தின் நாயகனானதும், டூயிஸ்பூர்க்கின் ரூரோர்ட்டில் ஒரு சந்துக்கே அந்தப் பாத்திரத்தின் பெயரை வைத்திருப்பதும், என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு தருகிற செய்திகள்.

திரையரங்குகளின் கதை வேறு. இங்கே வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஜெர்மன் குரலில்தான் ஓடும். ஒவ்வொரு ஹாலிவுட் நடிகருக்கும் பல ஆண்டுகளாக ஒரே குரல்கலைஞர் இருப்பார், அந்தக் குரல் மாறினால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். டப்பிங் என்றால் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு இங்கே உண்டு. ‘96’ படத்தில் திரிஷாவுக்குச் சின்மயி கொடுத்த குரலைக் கேட்டு உருகியவர்கள் நாம். தெலுங்கில் கமலுக்கு எஸ்.பி.பி. பேசியதைக் கொண்டாடுகிறவர்கள். நமக்கு அந்தச் சுளிப்பு பொருந்தாது. ஆனாலும் மூல ஒலியில் ஜெர்மன் எழுத்தோடு ஓடும் காட்சிகளைத் தேடிப் போகவே நான் விரும்புகிறேன், முக்கியமாக எசன் நகரத்து லிஷ்ட்பூர்க் அரங்குக்கு. 1928இல் திறக்கப்பட்டு, போரில் குண்டுவீச்சில் அழிந்து, 1950இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த அரங்கில் 1,250 இருக்கைகள். ஒரே கூடமாகப் பார்த்தால் ஜெர்மனியிலேயே பெரிய திரையரங்கம் அதுதான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால், பிற்பாடு டிலைட் தியேட்டரானது, எங்கள் ஊரில்தான் இருந்தது என்று அங்கே உடன்வந்த ஒரு நண்பரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அதை நீங்கள் எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று அவர் கேட்டதும் பேச்சைப் பாப்கார்னுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

அண்மைக்கால ஜெர்மன் படங்களில் எல்லோரும் பேசுவது 2022இன் ‘இம் வெஸ்டன் நிக்ட்ஸ் நோயஸ்’, ஆங்கிலத்தில் ‘ஆல் க்வைட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. நான்கு ஆஸ்கர் விருதுகள் வாங்கிய முதல் உலகப்போர்ப் படம். இறந்த சிப்பாயின் சீருடையைத் துவைத்து, தைத்து, அடுத்த பையனுக்குக் கொடுக்கும் தொடக்கக் காட்சிகள் அபாரம். மீதிப் படம் அந்தச் சில நிமிடங்களையே உரக்கத் திரும்பச் சொல்கிறது. இல்கர் சதாக் இயக்கிய ‘தாஸ் லேரர்த்ஸிம்மர்’ இதைவிடப் பல மடங்கு நல்ல படம். பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து பணம் திருட்டுப்போகிறது. சந்தேகம் முதலில் துருக்கிய வம்சாவளி மாணவன்மீது விழுகிறது. போலந்து வம்சாவளி ஆசிரியையான கார்லா, நியாயம் செய்யப் போய் எல்லாவற்றையும் இன்னும் சிக்கலாக்குகிறாள். பள்ளி வளாகத்தை விட்டுக் கேமரா வெளியே போவதே இல்லை. தன்னிடம் போலந்து மொழியில் பேச வரும் சக ஆசிரியரை, ஜெர்மனிலேயே பேசலாமே என்று கார்லா தடுக்கும் இடம் ஒன்று வரும். வெளிநாட்டு அலுவலக உணவறையில் தமிழில் குரல் கொடுத்தவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகியவர்கள் அந்த இடத்தை எளிதில் கடந்துவிட முடியாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது மத்தியாஸ் கிளாஸ்னரின் ‘ஸ்டெர்பன்’. 2024இல் வந்த, மூன்று மணி நேரப் படம். கணவனை இழந்த தாயும் இசை நடத்துநரான மகனும் காப்பியும் கேக்கும் வைத்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, உன்மீது எனக்கு அன்பே வந்ததில்லை என்று தாய் சொல்ல, எனக்கும் அப்படித்தான் என்கிற பாணியில் மகன் கேட்டுக்கொண்டிருக்கும் நீண்ட உரையாடல் அந்தப் படத்தின் நடுநாயகம். கொரின்னா ஹார்ஃபூக்கும் லார்ஸ் ஐடிங்கரும் ஒருமுறைகூடக் குரலை உயர்த்துவதில்லை; அரங்கில் என்னைச் சுற்றியிருந்த ஜெர்மானியர்கள் இடையிடையே சிரித்தார்கள். அம்மா பாட்டுகளில் ஊறி வளர்ந்த எனக்கு அந்தச் சிரிப்பு ஜீரணமாகவில்லை. ஆனால் தொலைபேசியில் வாரந்தோறும் ‘சாப்பிட்டயா கண்ணு’ என்பதைத் தாண்டி என் அம்மாவும் நானும் எதைப் பேசிக்கொள்கிறோம் என்று அன்றிரவு ரயிலில் வரும்போது யோசிக்க வைத்ததும் அந்தப் படம்தான். என் அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கோடையில் இங்கே வந்து தங்கியிருந்தபோது, 2005இலிருந்து மதிய வேளையில் ஓடிவரும் ‘ஷ்டுர்ம் டேர் லீபே’ என்ற ஹோட்டல் குடும்பத் தொடரை அவர் ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் பார்த்து, யார் யாரைக் கவிழ்க்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எனக்கு விளக்கினார்.

தமிழ்ப் படங்கள் இந்தப் பகுதியில் வார இறுதிகளில் ஒன்றிரண்டு காட்சிகள் ஓடும். கூட்டத்தில் பெரும்பங்கு ஈழத்தமிழர்கள். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை 2025இல் அவர்களோடு அமர்ந்து பார்த்தது தனி அனுபவம். இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்தை, அக்கம்பக்கத்தார் அன்பு பாராட்டி அரவணைத்துக்கொள்ளும் கதை. சசிகுமாரும் சிம்ரனும் பேசிய இலங்கைத் தமிழுக்கு அரங்கில் ஆங்காங்கே வேறு மாதிரிச் சிரிப்பு எழுந்தது. இடைவேளையில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர், எண்பதுகளில் இங்கு வந்து அகதி விண்ணப்பத்தோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், “அந்தப் பொலிஸ்காரர் மாதிரி ஒருத்தரும் எங்களுக்குக் கிடைக்கேல்லைத் தம்பி” என்று சிரித்தார். படம் முடிந்தபோது அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டமும் காகிதமும் செய்கிற கொடுமையை நல்ல மனிதர்களால் தீர்த்துவிடலாம் என்று நம்பச் சொல்கிற படம் எனக்கு இனிப்பு அதிகமாகத் தெரிந்தது. அதைக் குறை சொல்லும் உரிமை அவருக்குத்தான் அதிகம், எனக்கு இல்லை.

எனக்கு உரிமையான குறை வேறொன்று. அண்மையில் பெரும் செலவில் வரும் பான் இந்தியப் படங்களில் ஊர் என்பதே காணாமல் போய்விட்டது. நாயகன் எந்த மாவட்டத்துக்காரன், என்ன பேச்சு பேசுகிறான், அந்தத் துறைமுகம் எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று எதுவும் தெரியாது. எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரு புழுதிக்காடும் ஓர் இயந்திரத் துப்பாக்கியும் இருக்கும். ஊரில் இருந்தால் இதைப் பொறுத்துக்கொண்டு விசிலடித்திருப்பேனோ என்னவோ. இங்கே இரண்டு ரயில் மாறிப் போய் உட்கார்ந்து பார்க்கும்போது அது ஏமாற்றமாக இருக்கிறது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டபோது, மதுரைப் பக்கத்து ஒரு குடும்பத்தின் ஷேர் ஆட்டோப் பயணத்தை ஐரோப்பியப் பார்வையாளர்கள் முன்னால் அப்படியே வைத்தார்கள். ஊர் துல்லியமாக இருந்தால் அது எல்லைகளைத் தானே தாண்டும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

‘டாட்டோர்ட்’டைக் கரைத்துக் குடித்த ஓர் அலுவலக நண்பருக்கு நான் பரிந்துரைத்தது புஷ்கர் காயத்ரி எழுதிய ‘சுழல்’ இணையத் தொடரின் முதல் பருவம். சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம், தீ விபத்து, மயானக் கொள்ளைத் திருவிழா என்று விரியும் அந்தக் கதை, ரூர் பகுதியில் வளர்ந்த ஒருவருக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் என்று கணித்தேன். ஒட்டிக்கொண்டது, திருவிழாவைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல நானே படிக்க வேண்டியதாயிற்று. குற்றவாளி யாரென்பதை அவர் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார், ஞாயிறுதோறும் பயிற்சி எடுத்தவரல்லவா. அவருடைய ஒரே புகார், தொண்ணூறு நிமிடத்தில் முடிய வேண்டியதை எட்டுப் பகுதியாக ஏன் இழுத்திருக்கிறார்கள் என்பது. நடுவில் மூன்று பகுதிகளையாவது வெட்டியிருக்கலாம் என்பதில் நானும் அவர் பக்கம்தான்; ஆனால் எதை வெட்டினாலும் திருவிழாவில் கைவைக்கக் கூடாது என்று சொன்னேன், அதற்கு அவரும் ஒப்புக்கொண்டார்.