நெட் நிகழ்த்துகலைத் தாள்: அமெரிக்க அவான்-கார்ட் பகுதியை நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டின் நிகழ்த்துகலைத் தாள் முடிவு வந்து, மதிப்பெண் அட்டையில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதியைப் பார்த்த நிம்மதியில் இதை எழுதுகிறேன். நாட்டிய சாஸ்திரத்துக்கும் கூடியாட்டத்துக்கும் வழிகாட்டல் தாராளமாகக் கிடைக்கிறது. அவான்-கார்ட் எனப்படும் 1950, 60களின் அமெரிக்கச் சோதனை அரங்கையோ பெரும்பாலோர் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது அந்தப் பகுதிதான் என்பதால், அதை மட்டும் சொல்கிறேன்.

நான் படித்த பயிற்சி மையம் கொடுத்த குறிப்பு, பெயர், படைப்பு, ஆண்டு என்ற அட்டவணையாகவே இருந்தது. ஆண்டுகள் அடுத்தடுத்து வரும் இந்தப் பகுதியில் வெறும் அட்டவணை, ‘பொருத்துக’ வினாவிலும் கால வரிசை வினாவிலும் காலை வாரிவிடும். ஆகவே யார் யாரிடம் படித்தார், எந்தக் கட்டடத்தில் யாரோடு இருந்தார் என்ற வழியில்தான் நான் எல்லாவற்றையும் படித்தேன். உங்களுக்கும் அதையே அழுத்திச் சொல்வேன்.

வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியிலிருந்து தொடங்குங்கள். ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் 1951இல் வரைந்த வெள்ளை ஓவியங்கள், 1952 கோடையில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் அங்கே நடத்திய ‘தியேட்டர் பீஸ் நம்பர் 1’ நிகழ்வில் பார்வையாளர்களின் தலைக்கு மேல் தொங்கின. மெர்ஸ் கன்னிங்ஹாம் ஆடினார், டேவிட் டியூடர் பியானோ வாசித்தார், சார்லஸ் ஓல்சனும் எம்.சி. ரிச்சர்ட்ஸும் கவிதை படித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில், காட்டைப் பார்த்துத் திறந்திருந்த மாவெரிக் அரங்கில், டியூடர் கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’யை நிகழ்த்தினார். பியானோவின் மூடியை மூடினால் ஒரு பகுதி தொடக்கம், திறந்தால் முடிவு; 30 விநாடி, 2 நிமிடம் 23 விநாடி, 1 நிமிடம் 40 விநாடி என மூன்று பகுதிகள், ஒரு சுரம்கூட ஒலிக்கவில்லை. முதலில் காற்றும், பிறகு கூரையில் விழுந்த மழைத்துளிகளும், கடைசியில் எழுந்து போனவர்களின் முணுமுணுப்புமே கேட்டன. வெள்ளை ஓவியங்கள்தான் இதற்குத் துணிவு தந்தன என்று கேஜே சொல்லியிருப்பதால், இந்த மூன்றின் வரிசை ஒருபோதும் மறக்காது.

அடுத்து, 1950களின் பிற்பாதியில் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் கேஜ் நடத்திய வகுப்பு. ஆலன் கேப்ரோ, ஜார்ஜ் பிரெக்ட், டிக் ஹிக்கின்ஸ் ஆகியோர் அங்கே படித்தவர்கள். ஹேப்பனிங்கும் (நிகழ்வையே கலையாக்கும் வடிவம்) ஃப்ளக்ஸஸும் (சோதனைக் கலைஞர்களின் இயக்கம்) பெருமளவு அந்த வகுப்பறையிலிருந்து கிளைத்தவை. கேப்ரோவின் ‘18 ஹேப்பனிங்ஸ் இன் 6 பார்ட்ஸ்’ (1959, ரூபன் கேலரி) தன்னிச்சையாக நடந்த கூத்து என்று பலர் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக் திரைகளால் மூன்று அறைகளாகத் தடுத்த கூடம், எப்போது எந்த அறையில் அமர வேண்டும் என்று பார்வையாளர் கையில் கொடுத்த அட்டை, பகுதிக்குப் பகுதி மணி என்று எல்லாமே முன்கூட்டி எழுதி ஒத்திகை பார்க்கப்பட்டவை. கூற்று–காரணம் வகை வினாவுக்கு இது பொன்னான இடம்.

நான் மிகவும் ரசித்துப் படித்தது 14ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்திலிருந்த ஒரு கட்டடம். ஜூடித் மலினாவும் ஜூலியன் பெக்கும் 1947இல் தொடங்கிய லிவிங் தியேட்டர் 1959இல் அங்கே குடியேறி ‘தி கனெக்‌ஷன்’ நாடகத்தை நிகழ்த்தியது. மேல்மாடியில் கன்னிங்ஹாமின் பயிற்சிக்கூடம். அங்கே, கேஜிடம் படித்த ராபர்ட் டன் நடத்திய நடன அமைப்பு வகுப்பிலிருந்து வந்தவர்கள்தான் 1962 ஜூலை 6 அன்று ஜட்சன் நினைவு தேவாலயத்தில் முதல் நடன நிகழ்ச்சியை அளித்தார்கள். பிரெஞ்சு அரங்கக் கோட்பாட்டாளர் அர்த்தோவை 1958இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ரிச்சர்ட்ஸும் பிளாக் மவுண்டன்காரர்தான்; அந்த அர்த்தோவே லிவிங் தியேட்டரின் ‘தி பிரிக்’ (1963) நாடகத்துக்குப் பின்புலம். ஒரு காகிதத்தில் இதை வரைந்து பாருங்கள், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மீதியைச் சுருக்கமாகத் தருகிறேன்:

- இவான் ரெய்னர் (ஜட்சன் குழுவின் நடனக் கலைஞர்): ‘நோ மேனிஃபெஸ்டோ’ 1965, ‘ட்ரியோ ஏ’ 1966. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.
- ஸ்டீவ் பாக்ஸ்டன்: கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன் (உடல்கள் தொட்டுக்கொண்டு அந்தந்தக் கணத்தில் உருவாக்கும் நடனம்), 1972. இவரும் ஜட்சன் குழுவினரே.
- யோகோ ஓனோவின் ‘கட் பீஸ்’ முதலில் நிகழ்ந்தது 1964இல் கியோட்டோவில், நியூயார்க்கில் 1965.
- பீட்டர் ஷூமனின் பிரெட் அண்ட் பப்பெட் தியேட்டர்: 1963. வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களோடு இணைத்துப் படியுங்கள்.

மேற்குக் கடற்கரையைத் தனியே வையுங்கள். ஆர்.ஜி. டேவிஸ் 1959இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் பூங்காக்களில் இலவசமாக நாடகம் போட்டது. 1965இல் அனுமதியின்றி நிகழ்த்தியதற்காக டேவிஸ் கைதானார். அடுத்த ஆண்டு அக்குழுவிலிருந்து பிரிந்தவர்களின் முயற்சியில் டிக்கர்ஸ் என்ற குழு உருவாகி, பூங்காவில் இலவச உணவு வழங்கியது. எதிர்க்கலாச்சாரம் அரங்கிலிருந்து நேரே வாழ்க்கைக்குள் இறங்கிய இடம் இதுவென்பது என் கருத்து.

அரங்க இயக்குநரும் ஆய்வாளருமான ரிச்சர்ட் ஷெக்னரைக் கடைசியில் படியுங்கள், ஆனால் அவருக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். 1967இல் பெர்ஃபார்மன்ஸ் குரூப், 1968இல் வூஸ்டர் தெருவின் பெர்ஃபார்மிங் கராஜில் ‘டயோனிசஸ் இன் 69’, அதே ஆண்டில் சூழல் அரங்கின் (நடிகரும் பார்வையாளரும் ஒரே இடத்தைப் பகிரும் அரங்கு) ஆறு கோட்பாடுகள், 1976இல் ‘மதர் கரேஜ்’ நாடகத்துடன் இந்தியப் பயணம் என்று வரும்போது, ராம்லீலா ஆய்வுகளின் வழியே அவர் நம் பாடத்திட்டத்தின் இந்திய அரங்குப் பகுதிக்குள்ளும் நுழைந்துவிடுகிறார். இரண்டு அலகுகளையும் அடுத்தடுத்த நாட்களில் படித்தால் ஒன்றுக்குப் படித்தது மற்றதற்கும் உதவும்.