நைனாவும் க்ரோசானும்

மே 3, சனி

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் பிரெஞ்சு பேஸ்ட்ரி கடை வந்திருக்கிறது என்று அலுவலகத் தோழி சொல்லிப் பல வாரம் ஆகிறது. இன்றுதான் போக முடிந்தது. பழைய வீடு. திண்ணை இருந்த இடத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மூன்று மேசை, அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் வெண்ணெய் வாசனை. நெய் காய்ச்சும்போது கடைசியில் முருங்கைக் கீரையைப் போட்டதும் ஒரு வாசனை எழும்புமே, அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

முதலில் எக்லேர் சாப்பிட்டேன். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மின்னல் என்று பொருளாம். தண்ணீரும் வெண்ணெயும் கொதிக்கும்போது மைதாவைக் கொட்டிக் கிளறி, ஆறிய பிறகு முட்டை சேர்ப்பார்கள் என்று கடைக்கார அக்கா சொன்னார். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுகிற அதே வேலை! அடுப்பில் வைத்ததும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மாவை ஊதிவிடும். அந்தப் பொந்துக்குள்தான் க்ரீமை நிரப்புகிறார்கள்.

அப்புறம் ஒரு க்ரோசான், அடுக்கடுக்காக இருக்கிற பிறை வடிவ ரொட்டி. பிய்த்ததும் மேசையெல்லாம் செதில். 130 ரூபாய் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நைனாவுக்கு ஒன்று கட்டி வாங்கிக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

நைனா வண்ணாரப்பேட்டையில் ஒரு பேக்கரியில் 31 வருடம் பஃப்ஸ் மாஸ்டராக இருந்தவர். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து வெளியில் எங்கேயும் பஃப்ஸ் சாப்பிட மாட்டார். நேற்று வாங்கி வந்ததைத் தட்டில் வைத்தேன். கடிக்கவில்லை. முதலில் கையில் தூக்கி எடை பார்த்தார். அடிப்பக்கத்தைத் திருப்பி நிறம் பார்த்தார். கத்தி எடுத்து வரச் சொல்லிக் குறுக்கே வெட்டினார். உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருந்தது.

"இன்னாமா இது, நம்ம பஃப்ஸ் மடிப்பாச்சே. ஈஸ்ட்டும் போட்டுக்கிறாங்க. யாரு மாஸ்டர்?"

ஒரு அக்கா, முப்பத்தைந்து வயது இருக்கும் என்றேன். வெட்டிய பாதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாள் இட்டுனு போ."

மே 10, சனி

போனோம். தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோ, ஏனென்றால் நைனாவின் முட்டிக்கு மெட்ரோ படி ஒத்துவராது. இவர் பஃப்ஸ் மாஸ்டர் என்று நான் சொன்னதும் அக்கா, "உள்ள வாங்கப்பா" என்று நேராகப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். வீட்டின் பழைய படுக்கையறை அது. ஜன்னலை அடைத்து ஏசி போட்டு 18 டிகிரியில் வைத்திருக்கிறார். வெண்ணெய் 32, 33 டிகிரிக்கெல்லாம் உருக ஆரம்பித்துவிடும். மாவுக்கு நடுவில் அது தகடு தகடாக நிற்க வேண்டும். உருகி மாவோடு கலந்தால் அடுக்கு போச்சு.

அக்கா பாண்டிச்சேரியில் நான்கு வருடம் வேலை கற்றவர். ஒரு கிலோ மைதாவுக்கு அரைக் கிலோ வெண்ணெய் என்று கணக்குச் சொன்னார். 130 ரூபாய் எங்கே போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. வெண்ணெயை உள்ளே வைத்து மூன்றாக மடித்துத் தேய்க்கிறார், குளிரில் வைக்கிறார், மறுபடியும் மூன்றாக. இப்படி மூன்று தடவை.

"மும்மூணு ஒம்பது, ஒம்பது மூணு இருவத்தேழு அடுக்கு," என்றார் நைனா. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அக்கா சிரித்தபடி, மில்ஃபோய் என்கிற அடுக்கு பேஸ்ட்ரிக்கு ஆறு தடவை என்றார். ஆயிரம் இதழ் என்று அதற்கு அர்த்தம். நைனா விரல் விட்டு எண்ணி, கொஞ்ச நேரம் கழித்து 729 என்றார். சரியாக இருந்தது.

அவர் காலத்தில் ஏசி ஏது? தலச்சேரியிலிருந்து வந்த ஒரு மாஸ்டரிடம் வேலை கற்றார். ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் மடிப்பை முடித்துவிட வேண்டும். "காசிமேட்டுலருந்து ஐஸ் கட்டி வாங்கியாந்து கடப்பா கல்லு மேல தேய்ப்போம். கல்லு ஜில்லுனு ஆனப்புறம்தான் மாவ எடுப்போம். வெண்ணெய்க்கு நாங்க எங்க போறது, மார்ஜரின்தான். அது இந்த வெயிலுக்கு நிக்கும். ஆனா நாக்குல ஒட்டும்மா, அது எனக்குத் தெரியும்." கடைசி வரியைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உடம்புச் சூட்டிலும் முழுதாக உருகாத கொழுப்பு அது, அதனால்தான் அண்ணத்தில் ஒரு படலம் தங்கிவிடும். இத்தனை வருடமாக அவருக்கு அது உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்கு இன்றுதான் தெரியும். நாங்கள் அந்தப் பஃப்ஸைத் தின்றுதான் வளர்ந்தோம். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. இப்போதும் தெரியவில்லை.

க்ரோசானின் மூலம் பிரான்ஸ் இல்லை என்றும் அக்கா சொன்னார். ஆஸ்திரியாவில் பிறை வடிவில் ஒரு ரொட்டி உண்டு. 1830களின் கடைசியில் ஆகஸ்ட் ஸாங் என்பவர் பாரிஸில் வியன்னா பேக்கரி திறந்தபோது அது அங்கே பரவியது. வெண்ணெய் அடுக்கெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் பிறகு சேர்த்தது. இந்த வகைக்கு இன்றைக்கும் அவர்கள் 'வியன்னா சரக்கு' என்கிற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அவுங்களும் வெளியூர் மாஸ்டர்கிட்டதான் கத்துனு கீறாங்க," என்றார் நைனா. அந்தச் செய்தி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆட்டோவில் இன்னொரு தடவையும் சொன்னார்.

மே 13, செவ்வாய்

அந்த ரூமில் ஏசி எத்தனையில் இருந்தது என்று நைனா இன்று இரண்டு தடவை கேட்டார்.

மே 17, சனி

மதியம் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காலை ஆறு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. இன்வர்ட்டர் ஏசியைத் தாங்காது. மூன்று டிரே மாவு மேசை மேல் இருந்தது, ஓரமெல்லாம் வெண்ணெய் கசிந்து பளபளவென்று. அக்கா குப்பைப் பையை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நைனா மாவைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலால் இழுத்தார். முகர்ந்தார். "புளிக்கல. மடிப்புதான் போச்சு, மாவு போவல. இத்தக் கொட்டாத. மொத்தமா பிசைஞ்சு பன்னா போடு. சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும் இருக்கா?"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். பிரெஞ்சில் பிரியோஷ் என்று வெண்ணெயும் முட்டையும் கலந்தே பிசைகிற ஒரு ரொட்டி உண்டு, கிட்டத்தட்ட அதுதான் இது என்றார். டூட்டி ஃப்ரூட்டி கடையில் இல்லை. நான் முக்குக் கடையில் வாங்கி வந்தேன். கரண்ட் நான்கு மணிக்கு வந்தது. நைனா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உருட்டினார். கை ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு உருண்டையும் தராசில் வைத்த மாதிரி. 60 பன். வெளியே மேசை போட்டு 20 ரூபாய் என்று எழுதி வைத்தோம். டியூஷன் விட்டு வந்த பிள்ளைகளும் மீன் விற்றுத் திரும்பிய இரண்டு அம்மாக்களும் முதலில் வாங்கினார்கள். ஏழரைக்குள் தட்டு காலி.

ஒன்றை நைனாவுக்காக எடுத்து வைத்திருந்தேன். டீயில் நனைத்துச் சாப்பிட்டார். மெதுவாக மென்றார்.

"நாக்குல ஒட்டல," என்றார்.

மே 18, ஞாயிறு

முட்டி வீங்கியிருக்கிறது. நேற்று அவ்வளவு நேரம் உட்கார்ந்தது தப்பு. தைலம் தேய்த்துவிட்டேன். சனிக்கிழமை முதல் டிரே எத்தனை மணிக்கு அடுப்பில் போகும் என்று அக்காவிடம் போனில் கேட்கச் சொன்னார். ஐந்தரை. அப்படியென்றால் நாலரைக்கே ஆட்டோ சொல்லிவிடு என்கிறார்.