காசல்ரீயில் இருந்து கல்லடிக்கு

2024 மே 4, சனி

சாமான்கள் நேற்றே லொறியில் வந்துவிட்டன. தூண்டில் தடிகளை மட்டும் லொறியில் போட மனம் வரவில்லை, துணியில் சுற்றி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா, செங்கலடி. பதுளை தாண்டும்வரை ஸ்வெட்டர் இருந்தது, மகா ஓயாவில் பஸ் நின்றபோது கதவால் வந்த காற்றே சுட்டது. மனைவி தாதி, அவளுக்கு இந்தப் பக்கம் இடமாற்றம் கிடைத்திருக்கிறது. என் வேலை கம்ப்யூட்டரில், கரண்டும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும்.

வாடகை வீடு மட்டக்களப்பு, கல்லடியில். கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி, இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம், அதில் நாங்கள். ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக் கரையில் கார்ப் மீனுக்காகப் பனியில் குந்தியிருந்து வளர்ந்தவனுக்கு இது பெரிய கொடுப்பினை.

மே 12, ஞாயிறு

வெக்கையைப் பற்றி எழுதாமல் முடியாது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே வாசற்படியும் கடல்மட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெயிலை விட ஈரம்தான் ஆளை அடிக்கிறது, குளித்துத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும் வியர்க்கிறது, அந்த வியர்வை உடம்பிலேயே நிற்கிறது, காய்வதே இல்லை. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்.

காலை ஒன்பது மணிக்கு வாவிக்கரையில் தூண்டில் போட்டேன், ஊரில் அது நல்ல நேரம், பனி விலகி மீன் மேலே வரும். இங்கே ஒரு கடி கூட இல்லை. பக்கத்தில் வீச்சுவலையைக் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெயில் ஏறினா மீன் பள்ளத்துக்குப் போயிரும். விடியமுன்ன வாங்க. மறுகா காத்து எழும்பினா தூண்டிலும் நிக்காது, நீங்களும் நிக்க ஏலாது."

நேரத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. தடி, ரீல், இரை எல்லாம் அதற்குப் பிறகு.

மே 23, வியாழன், வெசாக்

நேற்றிரவு கல்லடிப் பாலத்துக்குப் போனோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், லேடி மன்னிங் பாலம் என்பார்கள். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழையதில் கனரக வண்டிகள் இல்லை, சனம் ஆறுதலாக நடக்கிறது. இந்த வாவிக்குப் பேர் தந்த பாடும் மீன் சத்தத்தை நிலா வெளிச்சத்தில் கேட்கலாம் என்றுதான் போனது. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டுமாம். தோணி கிடைக்கவில்லை, அடுத்த பறுவத்துக்கு முதலே ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். 1848இல் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் நிலாவில் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். மீன் இல்லை, சிப்பி என்று சொல்பவர்களும் உண்டு. எதுவோ, அந்தச் சத்தத்தை நான் கேட்டே ஆக வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது.

பகல் பதினொரு மணிக்கு மேற்கில் இருந்து எழும்புகிறது. மே மாதத்து ஈர வெக்கை வேறு, இது வேறு. இது வறண்ட சூடு, துவைத்த சாரம் கொடியில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே விறைத்துப்போகிறது, உதடு வெடிக்கிறது. அண்ணனுக்கு போன் எடுத்தால் ஹட்டனில் ஒரு கிழமையாக வெயிலே இல்லை, காசல்ரீ நிரம்பிக்கொண்டு வருகிறது என்கிறான். இரண்டும் ஒரே காற்றுதான். தென்மேற்கில் இருந்து வரும் பருவக்காற்று மலையில் ஏறும்போது தன் மழையை எங்கள் ஊர்ப் பக்கம் கொட்டிவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடேறி, காய்ந்த காற்றாக மட்டக்களப்புக்கு வருகிறது. இது புரிந்ததில் இருந்து அண்ணன் மழை என்று சொன்னால் நான் இங்கே தொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்து வைக்கிறேன்.

கச்சானில் ஒரு ஆபத்து, வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் போவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தேசிக்காய்த் தண்ணீரில் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும், அதுதான் என் மருந்து. மலையில் இருந்து வருகிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன், தூண்டிலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நல்லதும் உண்டு. காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கிறது. விடியற்காலையில் நாவலடிப் பக்கம் கரையில் நின்று ஈயத்தை வீசினால் காற்றே அதைத் தூரம் கொண்டுபோகிறது. சின்னப் பாரைகள் கிடைத்தன. அந்தக் கரையில் நிற்கும்போது 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது, அலை இந்தப் பக்கம் வாரிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனை. மீன் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேச மனம் வருவதில்லை.

ஜூலை 7, ஞாயிறு

கொடுவா!

இதை விரிவாக எழுதப் போகிறேன். பெரியவர் சொன்னபடி மூன்றரை மணிக்கே எழும்பி, கண்டல் மரங்கள் நிற்கும் ஒரு திருப்பத்தில் அவருடைய தோணியில் உட்கார்ந்தோம். இந்த வாவியில் முதலை உண்டு, முதலைக்குடா என்று ஊரே இருக்கிறது, அதனால் இருட்டில் தண்ணீரில் இறங்கி நிற்கிற வேலை இல்லை. இரை உயிர் இறால். வாளியில் இறாலை உயிரோடு வைத்திருப்பதே இங்கே ஒரு தொழில், தண்ணீர் சூடேறினால் செத்துப்போகும். ஈரச் சாக்கை வாளி மேல் போட்டு, வாவித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூண்டிலைக் கொம்புக்குக் கீழே, தலைக்குள் கறுப்பாகத் தெரியும் பொட்டில் படாமல் அதற்கு முன்னால் ஏற்ற வேண்டும். பொட்டில் பட்டால் இறால் அப்போதே முடிந்தது. படாவிட்டால் நெடுநேரம் தண்ணீரில் உதறிக்கொண்டே இருக்கும், கொடுவா அந்த உதறலுக்குத்தான் வரும்.

கிழக்கு வெளுக்கும் நேரம் நூல் மெதுவாக ஒரு பக்கம் போனது. பிறகு ஒரே இழுப்பு, தண்ணீருக்கு வெளியே முழு உடம்போடு பாய்ந்து தலையை இரண்டு பக்கமும் உதறியது. கார்ப் இழுத்தால் பாரம் தெரியும், பாய்ச்சல் தெரியாது. இது என் கையையே பிடுங்கப் பார்த்தது. கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்தி, நூல் அதில் உரசினால் போய்விடும், அதற்காகத்தான் தூண்டிலுக்கு மேலே ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குத் தடித்த தங்கூசி (நைலோன் நூல்) கட்டியிருந்தோம். பிறகு பார்த்தால் அந்தத் தங்கூசி பஞ்சாகிக் கிடந்தது.

டேப்பில் 91 சென்டிமீட்டர். டோர்ச் வெளிச்சத்தில் கண் தணலாகச் சிவந்தது. அதைத் திரும்ப விட்டேன். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது, அவர் வீட்டில் இரண்டு நாள் கறி. நான் சொன்னேன்: ஐயா, கொடுவா பிறக்கும்போது ஆண், பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறும், இந்த அளவில் இருப்பது அநேகமாகச் சினை வைக்கும் பெண், முகத்துவாரத்துப் பக்கம் உப்புத் தண்ணீருக்குப் போய் லட்சக்கணக்கில் முட்டை போடும், சின்னதும் நடுத்தரமும் உங்களுக்கு, பெரியது வாவிக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கிடைத்த நடுத்தரம் ஒன்றை அவரிடமே கொடுத்தேன்.

விடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. 15 பாகை செல்சியஸில் ஒரு லீட்டர் நன்னீரில் 10 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்திருக்கும், 30 பாகையில் 7.5தான், உப்பு கலந்தால் அதிலும் குறையும். ஊரில் போல ஆறுதலாக இழுத்து விளையாடி, போட்டோ எடுத்து, பிறகு விட்டால் நீந்திப் போவது போலத் தெரியும், ஆனால் பிழைக்காது. நூலைத் தடிப்பாகப் போட்டு சீக்கிரம் கொண்டுவந்து, தண்ணீரை விட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்றி, வாயை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு அது தானாக வாலை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். வாலை அடித்து என் முகமெல்லாம் நனைத்துவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 11

கெளிறு மீன் குத்திவிட்டது, முதுகு முள், பெருவிரலில். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார். முள்ளின் விஷம் சூட்டுக்கு அடங்கும். அரை மணித்தியாலத்தில் வலி குறைந்தது. கொக்கியைக் கழற்ற இடுக்கி வாங்கியாயிற்று.

செப்டம்பர் 15

சாமான்களைப் பார்த்தேன், கவலையாக இருக்கிறது. ஹட்டனிலும் ஈரம்தான், பூஞ்சணம் பிடிக்கும், ஆனால் உப்பு இல்லை. இங்கே ரீலில் படிகிற உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, அதனால் வீட்டுக்குள் வைத்தாலும் துரு தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் ரீலின் பிரேக்கை இறுக்கிவிட்டு மெதுவாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு தளர்த்தி நிழலில் காய வைக்கிறேன். இறுக்காமல் கழுவினால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

இன்னொன்று, கரையில் கிடக்கும் அறுந்த தங்கூசி. சட்டப்படி தடை செய்த தங்கூசி வலைகளின் துண்டுகளும் கண்டல் வேரில் சிக்கிக் கிடக்கின்றன. அது உக்காது, நண்டும் குருவியும் மாட்டிச் சாகின்றன. ஒரு பை கொண்டுபோய் எடுக்கிறேன். தூண்டில் போடுகிற எல்லோரும் தங்களுடைய நூலையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், இது ஒரு பெரிய வேலையே இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பின்னேரத்தில் இடி. கச்சான் ஓய்ந்துவிட்டது, ஈர வெக்கை திரும்ப வந்துவிட்டது, ஆனால் மே மாதம் போல மூச்சு முட்டவில்லை, உடம்பு பழகிவிட்டது.

பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போய் முகத்துவாரத்தைப் பார்த்தேன். இங்கே கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் கூட இல்லை, அதனால் வாவியின் குணத்தைத் தீர்மானிப்பது இந்த வாய்தான். கோடையில் மணல் ஏறி அடைபடும், மாரி வெள்ளம் சேர்ந்ததும் அது உடையும் அல்லது வயல்கள் மூழ்காமல் இருக்க வெட்டி விடுவார்கள். உடைந்தால் நன்னீர் வெளியே பாயும், கடல் மீன் உள்ளே வரும், கொடுவா வாயை நோக்கி இறங்கும். "தை மாசம் வாய்ப்பக்கம் போவம், அதுவரைக்கும் வாடையில கடல்பக்கம் போகாதீங்க" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். இப்போது பெரிய மீன் கிடைத்தால் என்னை ஒரு தரம் பார்க்கிறார், பிறகு அவரே விடுகிறார்.

அண்ணன் தைப்பொங்கலுக்கு வருகிறானாம், கார்ப் தடியைக் கொண்டு வரவா என்று கேட்டான். வேண்டாம், அது இங்கே முறிந்துவிடும், மழைக்கோட்டும் தடித்த தங்கூசி ஒரு சுருளும் போதும் என்றேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இருக்கும், ஐம்பது இறாத்தல் தாங்குவதாகக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.