சைகை வீடியோவிலிருந்து அச்சுப் படம்: செய்து பார்த்ததில் தெரிந்தவை

இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021-லேயே 10,000 சொற்களைத் தொட்டுவிட்டது. ஆனால் அத்தனையும் வீடியோ. வகுப்பில் ஒட்டவும் அட்டையாக அச்சிடவும் படம்தான் வேண்டும். வீடியோ பார்க்க வி.எல்.சி., படம் திருத்த ஜிம்ப், கோடுகள் வரைய இங்க்ஸ்கேப் என மூன்று மென்பொருள்கள் போதும், மூன்றுமே இலவசம்.

வி.எல்.சி.யில் வீடியோவை நிறுத்திவிட்டு 'ஈ' விசையைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு ஃபிரேமாக (வீடியோவின் ஒரு தனிப் படமாக) நகரும். ஷிஃப்டும் 'எஸ்'ஸும் சேர்த்து அழுத்தினால் அந்த ஃபிரேம் படமாகச் சேமிப்பாகும்.

எந்த ஃபிரேம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 3 நொடி வீடியோவுக்கு 75 படங்கள். அசைவின் நடுவில் இருப்பதை எடுத்தால் விரல்கள் கலங்கியிருக்கும். ஒரு ஃபிரேமுக்குக் கேமரா ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் கை அதற்குள் 2 செ.மீ. நகர்ந்துவிடும். ஜிம்பில் ஷார்ப்பன் (கூர்மையாக்கல்) செய்தாலும் தேறாது. கை ஒரு கணம் நிற்கும் தொடக்கத்தையும் முடிவையும் எடுங்கள். சந்தேகம் வந்தால் அடுத்தடுத்த இரு ஃபிரேம்களை ஜிம்பில் லேயர்களாக (ஒன்றன் மேல் ஒன்றான அடுக்குகளாக)த் திறந்து, மேலதை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் 'டிஃபரன்ஸ்' முறைக்கு மாற்றுங்கள். கை நிற்கும் இடத்தில் படம் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். மடியிலிருந்து கை எழும்புவது சைகையில் சேராது. விரல் வடிவம் முழுதாக அமைந்த பிறகுதான் தொடக்கம்.

இனி இரண்டையும் ஒரே படமாக்க வேண்டும்: ஜிம்பில் முடிவு ஃபிரேம் அடியில், தொடக்கம் மேலே. மேல் லேயருக்கு அதை முழுதாக மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, வெள்ளைத் தூரிகையால் கையை மட்டும் வெளிக்கொண்டு வந்து, அது மங்கலாகத் தெரியும்படி ஒபாசிட்டியை 40 சதவீதம் ஆக்குங்கள். ஆள் சற்றுச் சாய்ந்திருந்தால் தோளை வைத்துப் பொருத்துங்கள், தலையை வைத்து அல்ல. கேள்விச் சைகைகளில் தலை எப்படியும் அசையும். மங்கலான கை முகத்தை மறைத்தால் இந்த வழியே வேண்டாம். புருவமும் வாயும் சைகையின் பகுதி என்பதால் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே மேல். கண் மூடிய ஃபிரேமாக இருந்தால் ஒன்றிரண்டு தள்ளிப் பாருங்கள்.

கை போகும் திசையைக் காட்டும் அம்புக்குறிக்கு இங்க்ஸ்கேப். திரும்பத் திரும்ப வரும் அசைவுக்கு இரட்டை அம்பு. கேமராவை நோக்கி வரும் கைக்கு எந்த அம்பும் சரிப்படவில்லை. பக்கவாட்டில் எடுத்த வீடியோ வேண்டும்.

செல்ஃபி கேமராவில் எடுத்தது இடவலம் மாறியிருக்கலாம். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

1080 பிக்சல் உயரப் படம் 300 டி.பி.ஐ.யில் (அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 9 செ.மீ. உயரம்தான் தாங்கும். அச்சுக்கு அனுப்புமுன் சொல்லை மறைத்துவிட்டு, காது கேளாத ஒருவரிடம் காட்டி அதே சைகையைச் செய்யச் சொல்லுங்கள். கை வேறு பக்கம் போனால் அம்பைத் திருத்த வேண்டும்.