அம்மன் கூந்தல் முடிந்த பிறகுதான் தீ

ஐப்பசி பிறந்தால் சிங்கப்பூரில் எங்கள் பேச்செல்லாம் திரௌபதி அம்மனுக்கு எடுக்கும் தீமிதிதான். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாகப் புறப்படும் பக்தர்கள், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு வந்து பூக்குழி இறங்குவார்கள். தலைமைப் பண்டாரம் கரகத்தோடு முதலில் இறங்க, மற்றவர்கள் பின்தொடர்வார்கள். குழியைத் தாண்டியதும் பால்குழி. கேமரா வைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களில் இந்த இரவைப் படம் எடுக்காதவர் குறைவு. என்னிடமும் பல வருடத்துப் படங்கள் இருக்கின்றன.

அவற்றை ஒரு நாள் என் அத்தையிடம் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தீயை நன்றாகப் பிடித்திருக்கிறாய் அப்பா. திரௌபதையம்மனைத்தான் காணவில்லை" என்றார். அவருடைய தாய்வழி தென்னாற்காட்டுப் பக்கம். சிறுவயதில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர். "வைகாசியில் செஞ்சிப் பக்கம் போ. அங்கே பாரதம் நடக்கும். முழுக்கப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் படம் காட்டு" என்று சொன்னார். அந்தச் சொல்லுக்காகத்தான் போனேன்.

சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து திண்டிவனம், பிறகு செஞ்சி. பஸ் ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை தெரியத் தொடங்கியதுமே எனக்குக் கைகூப்பத் தோன்றியது. கோட்டைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்றும் சொல்வார்கள். திரௌபதி அம்மனுக்கு ஆதிக் கோயில் அதுதான் என்பது இந்தச் சீமை மக்களின் நம்பிக்கை. முதலில் அங்கே போய் அம்மனை வணங்கிவிட்டு, பாரதம் நடந்துகொண்டிருந்த ஒரு சிற்றூருக்குப் போனேன்.

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்றதும், "அங்கேயும் நம்ம அம்மன் இருக்கிறாளாமே, தம்பி?" என்று கேட்டார். இருக்கிறாள் ஐயா என்று சொல்லி, சவுத் பிரிட்ஜ் சாலையைப் பற்றி விவரித்தேன். 1819இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயணப் பிள்ளை, 1827இல் ஓலைக் கூரை போட்டுத் தொடங்கிய கோயில் அது என்றும், மாரியம்மன் சந்நிதிக்குப் பக்கத்திலேயே திரௌபதிக்கும் சந்நிதி உண்டு என்றும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் என் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாரதம் எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒழுங்கு மட்டும் மாறாது. பகலில் கதை சொல்லும் பிரசங்கியார், வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதப் பாடலைப் பாடிப் பொருள் சொல்வார். வேப்பமர நிழலில் கிழவிகள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பார்கள். பகலில் சொன்ன கதையே இரவில் கூத்தாக வரும். கதை தெரிந்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் சகுனி பகடையை உருட்டும்போது, இந்த முறையாவது தருமர் எழுந்து போய்விட மாட்டாரா என்பதுபோலப் பார்க்கிறார்கள்.

கூத்துக் கொட்டகையின் பின்பக்கம் ஒப்பனை நடக்கும் இடத்தில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. அங்கே எடுத்த படங்களை நான் மிகவும் மதிக்கிறேன். கைக்கண்ணாடி பார்த்துத் தாமே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைந்த மரம் என்பதால் இரவு முழுக்கச் சுழன்று ஆட முடிகிறது. திரௌபதியாக வேடம் கட்டுபவர் ஆண்தான். விரதம் இருந்து ஆடுகிறார். சேலையைச் சுற்றிக்கொண்டு அவர் எழுந்து நின்றபோது, அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த சக நடிகர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

துகிலுரிதல் இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துச்சாதனன் சேலையில் கைவைக்கும் முன்பு கூத்து நின்றுவிடுகிறது. அம்மனுக்குக் காட்டுவதுபோலவே வேடக்காரருக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். துச்சாதனனாக ஆடுபவர் தாயே என்னை மன்னித்துவிடு என்று விழுந்து கும்பிடுகிறார். அதற்குப் பிறகுதான் சேலையைத் தொடுகிறார். கூட்டம் எழுந்து நிற்கிறது. சிறிய ஊதுகருவியான முகவீணை உச்சத்தில் அழுகிறது. "கோவிந்தா" என்ற ஒரே குரல். வேடக்காரருக்கு அருள் வந்துவிட, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அந்த இடத்தில் ஃபிளாஷ் போடுவது பெரும் பாவம் என்றே கருதுகிறேன். இருக்கும் விளக்கு வெளிச்சத்திலேயே, கேமராவின் ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) கூட்டி, படத்தில் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்றுதான் எடுத்தேன். புள்ளி விழுந்த அந்தப் படங்களில்தான் அவர் முகம் அம்மன் முகமாக இருக்கிறது.

அர்ச்சுனன் தபசு அன்று நெடிய பனைமரத்தை நட்டுப் படி வைத்திருந்தார்கள். வேடத்தோடு ஏறியவர் ஒவ்வொரு படியிலும் ஒரு பாட்டுப் பாடினார். உச்சியிலிருந்து எலுமிச்சையும் வில்வமும் திருநீறும் விழ, குழந்தை வரம் வேண்டிய பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானை ஏந்தி நின்றார்கள். மரத்தையும் அர்ச்சுனனையும் எடுத்தேன். அந்தப் பெண்களின் முகங்களை எடுக்கவில்லை. அவர்களுடைய வேண்டுதல் அம்மனுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது.

கடைசி இரவு பதினெட்டாம் போர். விடியும்போது கூத்து கொட்டகையை விட்டு இறங்கி, திடலுக்கு வந்துவிடுகிறது. அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். தலையிலிருந்து கால்வரை நடந்துதான் பார்க்க வேண்டும், அவ்வளவு பெரிய உருவம். மீசை, கிரீடம், உருட்டி விழிக்கும் கண், எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டியிருந்தார்கள். வீமனும் துரியோதனனுமாக வேடம் கட்டியவர்கள் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுகிறார்கள். புழுதி எழும்பியது. லென்ஸ் மாற்றினால் உள்ளே மண் போய்விடும் என்பதால் ஒரே லென்ஸோடு ஓடினேன். முடிவில் வீமன் மண் துடையில் அடித்ததும், உள்ளே வைத்திருந்த கலயம் உடைந்து செந்நீர் பெருகியது. துகிலுரிந்த சபையில் அவிழ்ந்த கூந்தலோடு இத்தனை இரவும் நின்றவள் அங்கே வந்து, அந்தச் செந்நீரைத் தடவி, பூச்சூடி, கூந்தலை முடிந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். என் பக்கத்தில் நின்ற பாட்டி தன் கொண்டையையும் அவிழ்த்து முடிந்துகொண்டார். என் பயணத்தில் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொள் என்று சொன்னால், அந்தப் பாட்டியின் கைகள்தான்.

துரியோதனன் மனைவியாக வந்தவர் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்ததையும் சொல்ல வேண்டும். வென்றவள் பக்கம் நிற்கும் ஊர், தோற்றவனின் மனைவிக்காகவும் அழுதது. பிறகு, பயிருக்கும் வீட்டுக்கும் நல்லது என்று துரியோதனன் மண்ணில் ஒரு பிடி அள்ளிச் சென்றார்கள்.

அன்று மாலைதான் தீமிதி. சிங்கப்பூரில் பார்த்ததுபோலவே கரகம், வேப்பிலை, மஞ்சள், "கோவிந்தா" முழக்கம். காவலுக்குப் போத்துராஜா, அம்மனுக்குக் காவல் நிற்பவர்களில் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் உண்டு. கொண்டையிட்ட அம்மன் முன்னே வர, சபதம் முடித்தவளின் பிள்ளைகள் பின்னே நெருப்பில் நடந்தார்கள். அத்தை ஏன் அனுப்பினார் என்பது அப்போது முழுமையாகப் புரிந்தது. கூந்தல் முடிவதைப் பார்த்தவனுக்குத் தீ வேறு மாதிரிதான் தெரிகிறது.

இவை சிங்கப்பூரில் இல்லாதவை அல்ல. கொடியேற்றம், திரௌபதி அர்ச்சுனன் திருக்கல்யாணம், அரவான் களப்பலி, பெரியாச்சி பூஜை, போர்க்களக் காட்சியான படுகளம் எல்லாம் நம் மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் வரிசையாக நடக்கின்றன. தீமிதி இரவில் சாலை கொள்ளாத கூட்டம். களப்பலி அன்று நிம்மதியாக நின்று தரிசிக்கலாம். போன வருடம் கொடியேற்றத்திலிருந்தே போய்வந்தேன். கேமராவோடு வந்த இளைஞர்களையும் கூட்டிச் சென்றேன்.

செஞ்சிப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு: பாரதம் பெரும்பாலும் சித்திரை முதல் ஆடி வரை. நாள் விவரம் வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டிய நோட்டீஸைப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, ஒரு பிரசங்கியாரிடம் கேட்பது. அடுத்து எந்த ஊரில் பாரதம் என்று அவருக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டுத் திடலில் இறங்குங்கள். கூத்துக்காரர்களுக்கு உங்களால் முடிந்ததைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். எடுத்த படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு ஊருக்கு அனுப்புங்கள். திரௌபதி வேடக்காரர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். வீட்டில் மாட்ட அல்ல, கோயிலில் வைக்க.