வீராவுக்கு ஹெட் கேஸ்கட் மாற்றிய கதை

ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) அடிப்பகுதிக்கும் (பிளாக்) நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, போய்விட்டது என்று வாய் திறந்தால் போதும், கேட்கிற எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: வித்துத் தள்ளு. மாமா பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். நான் வழக்கமாகப் போகும் ஃபோர்மன் (மெக்கானிக்) ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்யும் டாப் ஓவர்ஹாலுக்கு 1,500 வெள்ளி கேட்டுவிட்டு, அதைவிட பழைய காடிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் ஒரு எஞ்சினை எடுத்து மாற்றிவிடலாம் என்று இன்னொரு யோசனையும் சேர்த்துச் சொன்னார். என் காடி (கார்) 2003 புரோட்டோன் வீரா, 1.5, உள்ளே இருப்பது 4ஜி15 எஞ்சின். மிட்சுபிஷி வடிவமைப்பு, பன்னிரண்டு வால்வு, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். சாகா இஸ்வாராவிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால் பட்டர்வொர்த்தில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் சாமான் கிடைக்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேங்க் கடனும் எப்போதோ முடிந்துவிட்டது. மாதாமாதம் எதுவும் கட்டத் தேவையில்லாத ஒரு காடியை ஒரு கேஸ்கட்டுக்காக ஏன் விற்க வேண்டும்?

கொஞ்ச நாளாகவே அறிகுறி இருந்தது. ரிசர்வ் டேங்கில் தண்ணீர் குறையும், ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஹைவேயில் ஓடும்போது சூட்டைக் காட்டும் ஊசி ஒழுங்காகப் பாதிக்குக் கீழே நிற்கும். மாலையில் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டினால் மெல்ல மேலே ஏறும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் எஞ்சின் குலுங்கும், ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது தெளிவாகவே தெரியும், பின்னால் வெள்ளைப் புகை. எல்லாவற்றையும்விடச் சந்தேகத்தைக் கிளப்பியது ரேடியேட்டரின் மேல் ஹோஸ். ராத்திரி முழுக்க நின்று ஆறிய காடியில் அது தொளதொளவென்று இருக்க வேண்டும். என்னுடையது காலையிலும் விறைப்பாகவே இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை, ஆயில் சுத்தமாக இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலக்காததால் கேஸ்கட் நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கே கிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

என் நண்பன் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். அவன் அப்பா லாரி ஃபோர்மனாக இருந்தவர், அதனால் ஸ்பேனர் பிடிக்கப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே பழகியவன். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம், நிச்சயமாகத் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டான். முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணிமேல் வைத்தான். மூன்று பிளக்குகள் பழுப்பு நிறம். மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் புதிதாகக் கடையில் வாங்கினது மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் கம்ப்ரெஷன் கேஜ். மற்ற மூன்றும் 170 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாவது 110-ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுச்சுவரில் கேஸ்கட் போயிருக்கும். இங்கே ஒன்று மட்டும் குறைந்ததால் அது தண்ணீர் ஓட்டைப் பக்கம்தான் என்றான். கடைசியாக யாரிடமோ இரவல் வாங்கிய சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, அதில் நீலத் திரவத்தை ஊற்றி, எஞ்சினை ஓட விட்டான். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். மாறியது.

நடுவில் ஒரு விஷயம். டப்பாவில் விற்கிற அடைப்புத் திரவத்தை ஊற்றிப் பார்ப்போமா என்று கேட்டேன். "ஊத்து மச்சான், நாளைக்கு ரேடியேட்டரையும் சேர்த்து மாத்திடலாம்" என்றான். கிழிசலுக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத சாமான் அது. காடியை விற்கப் போகிறவனுக்கு வேண்டுமானால் உதவும்.

ஹெட்டைக் கழற்றுவோம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவனோ முன்பக்கம் குனிந்து ரேடியேட்டர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகியும் விசிறி சுற்றவில்லை. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரை ஒரு தட்டு தட்டினான், சுற்ற ஆரம்பித்தது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, இஷ்டப்பட்டால் சுற்றும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஓடும்போது காற்று அடிப்பதால் பிரச்சினை தெரியாது, நெரிசலில் நின்றால்தான் தெரியும். பாலத்தில் ஊசி ஏன் ஏறியது என்பது அப்போதுதான் புரிந்தது. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எனக்கு முன்னால் இதை வைத்திருந்த பெரியப்பா காலத்தில் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் "சூடான ஊருக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது நம் நாட்டில் பரவலாக இருக்கிற ஒரு வியாதி. தெர்மோஸ்டாட் சூட்டை உண்டாக்குவதில்லை, எஞ்சினை ஒரே அளவான சூட்டில் வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் ஹைவேயில் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும், நெரிசலில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

கேஸ்கட் தானாகப் போவது குறைவு, அதைப் போக வைத்தது எது என்று பார்க்காமல் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடியும் இதே வேலைதான் என்பது அவன் கட்சி. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரிதான். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு 80 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் முக்கால் மில்லிமீட்டர் நீளும், கீழே இருக்கிற இரும்பு அதில் பாதிகூட நீளாது. இந்த இழுபறியைத் தினமும் தாங்குவது நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட். சூடு அளவுக்கு மீறினால் போல்ட்டுகளுக்கு நடுவில் சிக்கிய ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும்.

கழற்றும் வேலையைப் பற்றிப் பெரிதாக எழுத எதுவும் இல்லை. பாகான் டாலாமில் அவன் வீட்டுப் போர்ச்சில்தான் வேலை. தண்ணீரை இறக்கி, டைமிங் பெல்ட் குறிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் வைத்து, ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டோம். எக்ஸாஸ்ட் நட்டுகள்தான் உயிரை வாங்கின. முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விட்டும் ஒரு நட்டு ஸ்டட்டோடு சேர்ந்து வந்தது. ஹெட் போல்ட் பத்தையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினோம், ஒரே பக்கமாகக் கழற்றினால் ஹெட் இன்னும் வளையும்.

தூக்கிப் பார்த்ததும் கேள்விக்கே இடமில்லை. மற்ற மூன்று பிஸ்டனின் தலையிலும் கருப்பாகக் கரி, மூன்றாவதில் மட்டும் ஒரு ஓரத்தில் பிறை வடிவில் அலுமினியம் பளபளத்தது. கேஸ்கட்டில் அந்த சிலிண்டரைச் சுற்றியிருந்த உலோக வளையம் ஒரு இடத்தில் நசுங்கி, அங்கிருந்து தண்ணீர் ஓட்டை வரை நகக்கீறல் அகலத்துக்கு ஒரு கருப்புத் தடம். 1,500 வெள்ளி கேட்ட பிரச்சினை மொத்தமும் அவ்வளவுதான்.

ஹெட்டை பினாங்குத் தீவில் இருக்கும் ஜெலுத்தோங்கில் ஒரு எஞ்சினியரிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். காடி கிடையாது, அவனுடைய காப்ச்சாய் மோட்டார் சைக்கிள் மட்டும்தான். கோணிச்சாக்கில் சுற்றி, முன்னால் கால் வைக்கிற இடத்தில் கட்டி, ஃபெரியில் ஏறினோம். 2023 ஆகஸ்டில் வந்த புதுப் படகுகளில் ஆள், சைக்கிள், மோட்டார் மட்டும்தான் ஏற்றுகிறார்கள், காடிக்கு இடமில்லை. காடியின் தலையை ஏற்ற அனுமதி உண்டா என்று அவன் கேட்டது அங்கே நின்ற ஊழியருக்குப் புரியவில்லை, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது, ஆனாலும் அந்தக் காற்றில் அந்தக் கனத்தோடு போக யாருக்குத் தைரியம்?

கடைத் தவுக்கே (முதலாளி) ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, இரும்பு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார். 0.05 மில்லி தகடு தாராளமாகப் போயிற்று, 0.10-உம் போயிற்று, 0.15 இறுக்கிக்கொண்டு நின்றது. இந்த எஞ்சினில் மொத்தமாக 0.2-க்கு மேல் இழைக்கக் கூடாது, அதனால் இது முதலும் கடைசியுமான ஸ்கிம் (இழைப்பு) என்று மலாயில் சொன்னார். வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்தும் பார்த்தார், இல்லை. வால்வு சீல்களையும் அங்கேயே மாற்றச் சொல்லிவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம் சுரண்டல். டாப் ஓவர்ஹால் என்பது பெரும்பாலும் சுரண்டுகிற வேலைதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிளாக்கின் மேல் ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கட்டை பிளேடால் படுக்கவாட்டில் எடுத்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி எடுத்து. நான் கிரைண்டரில் பிரஷ் மாட்டி ஒரேயடியாக முடித்துவிடலாம் என்றேன், அவன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துவிட்டான். அந்தத் தூள் ஆயில் ஓட்டைக்குள் போனால் பேரிங் காலி. போல்ட் இறங்கும் ஓட்டைகளில் தேங்கிய தண்ணீரைக் காற்றடித்து எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு போல்ட்டை முறுக்கினால் தண்ணீர் சுருங்காது, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும், பிளாக்கே விரிசல் விடலாம். இடையில் புது தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அது திறக்கிறதா என்று பார்க்கச் சமையலறைச் சட்டியைக் கேட்டோம். "காடி சாமானுக்கெல்லாம் என் சட்டி கெடையாது தம்பி" என்று அவன் அம்மா மைலோ டின் ஒன்றைக் கொடுத்தார். டின்னில் அது அழகாகத் திறந்தது.

புதுக் கேஸ்கட்டில் சிவப்பு சிலிக்கன் பூசவில்லை. பூசினால் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பிதுங்கி வருவது எங்கே போய் அடைக்கும் என்று யோசிப்பதில்லை. மேல்பக்க அடையாளம் மேலே இருக்கிறதா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தோம். போல்ட் திரெட்டில் ஒரு சொட்டு ஆயில், இப்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கட்டம் கட்டமாக முறுக்கு. அவன் கையேட்டைப் பார்த்து எண் சொல்ல, நான் ரெஞ்சை இழுக்க, க்ளிக் கேட்டதும் நிறுத்த. பெல்ட்டை மாட்டிய பிறகு பிளக் இல்லாமல் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பேட்டரிப் பக்கமே போக விட்டான்.

ஸ்டார்ட் ஆனதும் பின்னால் இருந்து முன்னைவிட அதிகமாக வெள்ளைப் புகை. எனக்கு வயிறு கலங்கியது. அவன் கவலைப்படவில்லை. எக்ஸாஸ்ட் பெட்டிக்குள் பழைய தண்ணீர் கிடக்கும், காயட்டும் என்றான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குமிழி அடங்கும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம், புகை மெல்லக் குறைந்து நின்றது, அப்புறம் புது விசிறி தானாகவே சுற்ற ஆரம்பித்தது. வெறும் குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட், 0.9 என்று போட்ட புது மூடி. அந்த மூடி தருகிற அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி கிட்ட வந்தால்தான் கொதிக்கும், பத்துப் பதினைந்து வெள்ளி சாமானில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியாத கஞ்சத்தனம்.

விசிறி, ஸ்கிம், கேஸ்கட் செட், பெல்ட், ஆயில் எல்லாம் சேர்ந்து ஃபோர்மன் கேட்டதில் பாதியைத் தாண்டவில்லை. நண்பன் காசு வாங்கவில்லை, நாசி கண்டார் மட்டும் வாங்கித் தரச் சொன்னான், அதிலும் இரண்டு தட்டு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்து, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறது என்று சொன்னான். அதற்குத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும்லா.